கறுப்புத் தேனீயின் தாய்வழியைச் சோதிப்பது: புழுவடையிலிருந்து ஜெல் வரை, ஜெல்லிலிருந்து ராணி வளர்ப்பு வரை

வடமேற்கு ஐரோப்பாவின் மண்ணுக்குச் சொந்தமான தேனீ, கறுப்புத் தேனீ என்று அழைக்கப்படும் ஏபிஸ் மெல்லிஃபெரா மெல்லிஃபெரா. பைரனீஸ் மலைகளிலிருந்து யூரல் வரை, பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து தெற்கு ஸ்காண்டிநேவியா வரை ஒரு காலத்தில் இதுதான் பரவியிருந்தது. இத்தாலியத் தேனீ, கார்னியோலத் தேனீ, பக்ஃபாஸ்ட் கலப்பு ஆகியவற்றின் ராணிகள் விலைக்குக் கிடைக்கத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் கார்னியோலத் தேனீ ஏறக்குறைய முழுவதுமாக இதன் இடத்தை எடுத்துக்கொண்டது. இன்று கறுப்புத் தேனீ தூய நிலையில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் தீவுகளிலும் ஒதுக்குப்புறமான பகுதிகளிலும்தான்.

அப்படி எஞ்சியதைக் காக்க முனைபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தன் பெட்டியில் இருப்பது எது என்பது. உடல் நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. கலப்புக் கூட்டத்திலும் கறுத்த தேனீக்கள் பிறக்கும். மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு, தாயிடமிருந்து மட்டும் வருவது) டிஎன்ஏ சோதனை மலிவானது, ஒரு தேனீயின் ஒரு கால் போதும், இரண்டு நாளில் முடிவு வந்துவிடும். ஆனால் அது சொல்வது தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என்ற ஒரே இழையை மட்டும். ஆகவே இந்தச் சோதனையை வைத்து ஒரு கூட்டத்தைச் சந்தேகப் பட்டியலில் வைக்கலாம். இதை மட்டும் வைத்து ஒரு கூட்டத்துக்குத் ‘தூய இனம்’ என்று சான்று கொடுக்கக் கூடாது. கீழே வரும் செய்முறை முழுவதும் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது.

எதைப் படிக்கிறோம்

தேனீயின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒரு வட்ட மூலக்கூறு. மெல்லிஃபெராவில் முதன்முதலாக முழுமையாகப் படிக்கப்பட்டது 16,343 கார இணைகள் (டிஎன்ஏ நீளத்தின் அலகு) நீளம், 1993இல் வெளியானது. அதில் சிஓ1, சிஓ2 என்ற இரண்டு மரபணுக்களுக்கு நடுவே, லூசின் டிஆர்என்ஏ மரபணுவுக்கும் சிஓ2 தொடங்கும் இடத்துக்கும் இடையில், புரதம் எதையும் உருவாக்காத ஒரு துண்டு இருக்கிறது. துணையினங்களைத் தாய்வழிப் பிரிவுகளாகப் பிரிக்க உலகெங்கும் பயன்படுவது இந்தத் துண்டுதான்.

இந்தத் துண்டு இரண்டு வகைக் கட்டைகளால் ஆனது. ‘பி’ என்பது சிறியது, சுமார் 54 கார இணைகள். அதன் நீண்ட வடிவம் ‘பி-பூஜ்யம்’, சுமார் 67. ‘கியூ’ என்பது பெரியது, 192 முதல் 196 வரை. கிழக்கு ஐரோப்பிய ‘சி’ பிரிவில் (இத்தாலியத் தேனீ, கார்னியோலத் தேனீ) பி கிடையாது, ஒரே ஒரு கியூ மட்டும். மேற்கு ஐரோப்பிய ‘எம்’ பிரிவில், அதாவது கறுப்புத் தேனீயில், பி ஒன்றும் அதைத் தொடர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று அல்லது அதற்கும் மேலான கியூக்களும் இருக்கும். ஆப்பிரிக்க ‘ஏ’ பிரிவில் பி-பூஜ்யமும் அதன் பின்னால் கியூக்களும்.

ஈ2, எச்2 என்ற பிரைமர் இணையைக் (பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனைகளிலும் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) கொண்டு, பிசிஆர் முறையில் (ஒரு டிஎன்ஏ பகுதியை மிகப் பல பிரதிகளாக்கும் முறை) இந்தப் பகுதியைப் பெருக்கினால் கிடைக்கும் நீளங்கள் தோராயமாக இவை: கியூ மட்டும் என்றால் 572, பி-கியூ 626, பி-பூஜ்யம்-கியூ 638, பி-கியூ-கியூ 820, பி-பூஜ்யம்-கியூ-கியூ 830. ‘சி’ பிரிவு மற்றவற்றிலிருந்து சாதாரண ஜெல்லிலேயே (துண்டுகளை நீளப்படி பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் கூழ்த்தகடு) பிரிந்து தெரியும். 626க்கும் 638க்கும் உள்ள 12 கார இணை வித்தியாசத்தை அந்த ஜெல் காட்டாது. எம், ஏ இரண்டையும் பிரிக்க வெட்டு நொதி தேவைப்படுவது இதனால்தான்.

மாதிரி எடுத்தல்

பாதிப் பிழைகள் ஆய்வகத்துக்கு வெளியேதான் நடக்கின்றன. பெட்டி வாசலில் பறக்கும் தேனீயைப் பிடித்து அனுப்புவது மிகப் பொதுவான தவறு. வரிசையாக வைத்த பெட்டிகளில் வேலைக்காரத் தேனீக்கள் பக்கத்துப் பெட்டிக்குள் வழிதவறிப் போவது வாடிக்கை. ஆண் தேனீக்கள் இன்னும் தாராளமாக மாறும். வாசலில் பிடித்த தேனீ பக்கத்துப் பெட்டி ராணியின் மகளாக இருக்கலாம்.

புழு அறையின் நடுச் சட்டத்தை எடுங்கள். மூடிய அறையிலிருந்து கண் நிறம் ஏறிய கூட்டுப்புழுவை இடுக்கியால் எடுப்பது மிக நல்லது. அது முடியாவிட்டால், அப்போதுதான் வெளிவந்த, சாம்பல் மயிர் படிந்த, இன்னும் பறக்கத் தெரியாத இளந்தேனீ. ஒரு ராணியின் வேலைக்காரத் தேனீக்கள் எல்லாவற்றுக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒன்றே என்பதால் சோதனைக்கு ஒன்று போதும். ஆனாலும் 5 எடுத்துப் பாதுகாத்து வையுங்கள். முதல் தேனீ சரிவராவிட்டால் மறுபடி மலையேற வேண்டியிருக்காது. பின்னால் வரப்போகும் அணுக்கரு டிஎன்ஏ (தாய், தகப்பன் இருவர் வழியும் வருவது) சோதனைக்கும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் 30 வரை எடுங்கள்.

ராணி மாற்றிய பெட்டிகளில் கவனம் வேண்டும். முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ வெளிவர 21 நாள் ஆகும். புது ராணி முட்டையிடத் தொடங்கி 3 வாரம் கழிந்தபின் எடுத்த மூடிய புழு நிச்சயமாக அவளுடையது. வளர்ந்த தேனீயை எடுப்பதானால் இரண்டு மாதம் பொறுங்கள், பழைய ராணியின் மகள்கள் அதுவரை உயிரோடு இருப்பார்கள். கூட்டமே தன் ராணியை மாற்றிக்கொண்டிருந்தால், மகள்தான் வந்திருப்பாள், தாய்வழி மாறாது. ராணிக்கு வண்ணப் புள்ளி வைத்து ஏட்டில் எழுதி வருபவருக்குத்தான் இந்த வேறுபாடு தெரியும். புள்ளி வைத்த ராணி காணாமல் போய், புள்ளியில்லாத ராணி இருந்தால், அவள் அந்தக் கூட்டத்தின் மகளா, வெளியிலிருந்து வந்து புகுந்த கூட்டத்தின் ராணியா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

ராணியையே சோதிக்க வேண்டிய தேவை அரிது. இறந்த ராணி கிடைத்தால் காலையோ மார்பையோ எடுங்கள். வயிற்றுப் பகுதியைத் தொடாதீர்கள். அங்கே விந்துப்பையில் பல ஆண் தேனீக்களின் விந்தணுக்கள் சேமிப்பில் இருக்கும். அவற்றுக்கும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. பிசிஆர் இரண்டையும் பெருக்கிக் கலவையான முடிவைத் தரும்.

மாதிரிகளை 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போடுங்கள். தேனீக்கள் குப்பியின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதிகமானால் உடல்நீர் கலந்து சாராயத்தின் வலு குறையும், டிஎன்ஏ சிதையும். மறுநாள் சாராயத்தை ஒருமுறை மாற்றிவிடுங்கள். அறை வெப்பத்தில் சில வாரம் தாங்கும், நீண்ட நாள் வைக்க மைனஸ் 20 பாகை. ஃபார்மலின் கூடவே கூடாது, அது டிஎன்ஏவைப் பிணைத்துவிடும். பெயின்ட் கடையில் கிடைக்கும் மெத்திலேற்றிய ஸ்பிரிட்டும் வேண்டாம். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து, 40 குப்பிகளும் பெயரில்லாமல் நிற்கும். சீட்டில் பெட்டி எண், தோட்டம், தேதி, ராணியின் புள்ளி நிறம், ராணி எங்கிருந்து வந்தாள் என்பது இருக்க வேண்டும்.

ஒரு வட்டாரத்தை ஆராய்பவருக்கு ஒரு கணக்கு. 20இல் ஒரு கூட்டத்தில் மட்டும் இருக்கும் தாய்வழி ஒன்றை 95 சதவீத உறுதியோடு கண்ணில் பட வைக்க, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 59 கூட்டங்கள் தேவை. 10இல் ஒன்று என்றால் 29 போதும். ‘தொடர்பில்லாத’ என்பதுதான் முக்கியம். ஒரே தோட்டத்தில் 59 பெட்டி எடுத்தால் அவை இரண்டு மூன்று ராணிகளின் பேத்திகளாக இருக்கக்கூடும். ஒரு தோட்டத்தில் இரண்டு மூன்று பெட்டி, அதிகத் தோட்டங்கள் என்று பரப்புங்கள்.

டிஎன்ஏ பிரித்தல்

பின்னங்காலை இடுக்கியால் பற்றி, உடலோடு சேரும் இடத்தில் கத்தரியுங்கள். காகிதத்தில் ஒற்றி எடுத்து, 10 நிமிடம் உலர விடுங்கள். எஞ்சிய எத்தனால் அடுத்த படியைக் கெடுக்கும். காலை இரண்டு மூன்று துண்டாக நறுக்கி 0.2 மில்லி லிட்டர் குழாயில் போட்டு, 5 சதவீத கீலெக்ஸ் (உலோக அயனிகளைப் பிடிக்கும் பிசின் மணிகள்) கரைசல் 100 மைக்ரோ லிட்டரும், மில்லி லிட்டருக்கு 10 மில்லி கிராம் வலுவுள்ள புரோட்டினேஸ்-கே (புரதத்தைச் சிதைக்கும் நொதி) 5 மைக்ரோ லிட்டரும் சேருங்கள். 55 பாகையில் ஒரு மணி நேரம், பிறகு 99 பாகையில் 15 நிமிடம். சுழற்றி அடியில் படிய விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் புதுக் குழாய்க்கு மாற்றுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் இடுக்கியையும் கத்தரியையும் தீயில் காட்டுங்கள்.

கீலெக்ஸ் மணிகள் நொடியில் அடியில் தங்கிவிடும். குழாயில் ஊற்றும்போது பாட்டிலைக் கலக்கிக்கொண்டே, வாய் அகன்ற முனையால் உறிஞ்ச வேண்டும். தெளிந்த நீரை மாற்றும்போது ஒரு மணிகூட வரக் கூடாது. மணிகள் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், மெக்னீசியம் இல்லாமல், டிஎன்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதி வேலை செய்யாது. ‘எல்லாம் சரியாகத்தான் செய்தோம், பட்டையே வரவில்லை’ என்ற புகாரில் பெரும்பாலும் காரணம் இதுதான். குழாயின் அடியில் இருந்து உறிஞ்சாமல் மேற்பரப்பிலிருந்து 2 மைக்ரோ லிட்டர் எடுங்கள், அல்லது டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

பிசிஆர்

25 மைக்ரோ லிட்டர் கலவைக்கு: டிஎன்ஏ 2, பத்து மடங்கு பஃபர் 2.5, 25 மில்லி மோலார் மெக்னீசியம் குளோரைடு 1.5 (பஃபரில் ஏற்கெனவே மெக்னீசியம் இருந்தால் இதை விட்டுவிடுங்கள்), 10 மில்லி மோலார் டிஎன்டிபி 0.5, பிரைமர்கள் 10 மைக்ரோ மோலார் ஒவ்வொன்றும் 1, டாக் பாலிமரேஸ் 0.2 (ஒரு யூனிட்), மீதி 16.3 நீர்.

ஓட்டம்: 94 பாகையில் 5 நிமிடம், பிறகு 92 பாகையில் 30 நொடி, 47 பாகையில் 90 நொடி, 63 பாகையில் 2 நிமிடம் என்று 35 சுற்று, முடிவில் 63 பாகையில் 10 நிமிடம். புது இழை வளரும் நீட்டிப்புப் படியை வழக்கமான 72 பாகையில் வைக்காதீர்கள். தேனீயின் மைட்டோகாண்ட்ரியாவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஏ, டி என்ற இரண்டு காரங்கள்தான். அவற்றின் பிணைப்பு இளகலானது. இந்த இடைத்துண்டில் அது இன்னும் அதிகம். 72 பாகையில் புது இழை அரைகுறையாக இருக்கும்போதே கழன்றுவிடும். புதிதாக ஆள் சேரும் ஆய்வகங்களில் ‘இயந்திரத்தில் ஏற்கெனவே உள்ள திட்டம்’ என்று 72ஐ ஓட்டிவிடுவார்கள், ஜெல் வெறுமையாக இருக்கும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் டிஎன்ஏ இல்லாத ஒரு குழாய் வேண்டும், கால் போடாமல் கீலெக்ஸ் படியிலிருந்தே வரும் இன்னொரு வெற்றுக் குழாயும் வேண்டும். அவற்றோடு ‘சி’, ‘எம்’ என்று முன்பே உறுதியான ஒவ்வொரு மாதிரி. வெற்றுக் குழாயில் பட்டை வந்தால் அன்றைய முடிவு முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள். எந்த மாதிரி கெட்டது, எது கெடவில்லை என்று ஊகிக்க வழியில்லை.

முதல் ஜெல், வெட்டு, இரண்டாம் ஜெல்

1.5 சதவீத அகரோஸ் ஜெல்லில் 5 மைக்ரோ லிட்டர் ஓட்டுங்கள். 570 அருகே பட்டை என்றால் தாய்வழி ‘சி’. 820 அருகே என்றால் பி-கியூ-கியூ, கறுப்புத் தேனீயில் பரவலாகக் கிடைப்பது. ஆப்பிரிக்கத் தாய்வழி வர வாய்ப்பில்லாத வடக்கு நாடுகளில் முதற்கட்டத் தேர்வுக்கு இதுவே பெருமளவு போதும்.

820இல் ஒரு பலத்த பட்டையும், 626 அருகே மங்கலாக இன்னொன்றும் வந்தால் இரண்டு தேனீ கலந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். கியூ கட்டை இரண்டு முறை அடுத்தடுத்து வருவதால், பெருக்கும்போது அரைகுறை இழை ஒன்று தவறான கியூவில் ஒட்டி, ஒரு கியூ குறைந்த துண்டாக வளர வாய்ப்பு உண்டு. சுற்றுகளை 30ஆகக் குறைத்து, நீட்டிப்பை 3 நிமிடமாக்கி மறுபடி ஓட்டினால் மங்கல் பட்டை போய்விடும் அல்லது மிகவும் குறையும். 570இலும் 820இலும் சம பலத்தில் பட்டைகள் என்றால் மாதிரிக் கலப்புதான். குப்பியிலிருந்து வேறு தேனீயை எடுங்கள்.

பிறகு டிரா-1 என்ற வெட்டு நொதி. டி-டி-டி-ஏ-ஏ-ஏ என்ற வரிசை வரும் இடத்தில் நடுவே வெட்டும். பிசிஆர் கலவை 10 மைக்ரோ லிட்டர், பஃபர் 2, நொதி 0.5 (5 யூனிட்), நீர் 7.5, 37 பாகையில் 4 மணி நேரம், முடிந்தால் இரவு முழுவதும், 65 பாகையில் 20 நிமிடம் வைத்து நொதியை நிறுத்துங்கள். துண்டுகள் மிகச் சிறியவை என்பதால் 10 சதவீத பாலிஅக்ரிலமைடு ஜெல் தேவை. அது இல்லாத இடத்தில் சிறு துண்டுக்கென்று விற்கும் அகரோஸ் 4 சதவீதம் ஓரளவு உதவும். அளவுகோல் 20 அல்லது 25 கார இணைப் படிகள் உள்ளதாக இருக்கட்டும்.

‘சி-1’ வகையில் 420, 64, 47, 41 என்ற நான்கு துண்டுகள் வரும். ‘ஏ-1’ வகையில் 483, 108, 47 என்ற மூன்று. துண்டுகளைக் கூட்டிப் பாருங்கள்: 572, 638. முதல் ஜெல்லில் கண்ட நீளத்தோடு கூட்டுத்தொகை ஒத்துப்போக வேண்டும். தொகை அதிகமாக வந்தால் வெட்டு முழுமையடையவில்லை. நொதியைக் கூட்டி, நேரத்தை நீட்டுங்கள். குறைவாக வந்தால் ஒரே நீளமுள்ள இரண்டு துண்டுகள் ஒரே பட்டையில் ஒளிந்திருக்கின்றன, அல்லது 41 போன்ற சிறு துண்டு ஜெல்லின் அடியோடு ஓடிப்போய்விட்டது. இந்தக் கூட்டல் கணக்கைச் செய்யாமல் ‘புது ஹாப்லோடைப் (தாய்வழி டிஎன்ஏ வகை) கண்டுபிடித்தோம்’ என்று அறிவிப்பவர்கள் உண்டு.

வெட்டு முறை வசதியானதே தவிர, முழுமையானதில்லை. வெட்டும் இடத்துக்கு வெளியே நடந்த மாற்றங்களை அது காணாது. காப்புத் தோட்டத்தில் வைக்கப்போகும் ஒவ்வொரு தாய்வழிக்கும் ஒரு மாதிரியையாவது இரு திசையிலும் வரிசைப்படுத்திப் படித்துவிடுங்கள். ஒரே காரம் நீளமாகத் தொடரும் இடங்களில் வாசிப்பு தடுமாறும். எதிர்த் திசை வாசிப்பு அங்கே கைகொடுக்கும். நடுவில் தொடர்ந்து இரட்டை உச்சிகள் தெரிந்தால் இன்னொரு சந்தேகத்தையும் மனத்தில் வையுங்கள்: மைட்டோகாண்ட்ரியாவின் துணுக்குகள் பல, தேனீயின் அணுக்கரு டிஎன்ஏவுக்குள் பழங்காலத்திலேயே நுழைந்து படிந்திருக்கின்றன. பிரைமர் அவற்றையும் பிடிக்கலாம். மைட்டோகாண்ட்ரியா செறிந்த மார்புத் தசையிலிருந்து டிஎன்ஏ எடுத்தால் உண்மையான வரிசை மேலோங்கும்.

முடிவை எப்படி எடுத்துக்கொள்வது

இங்கேதான் அதிகம் நிதானிக்க வேண்டும். விலைக்கு வாங்கிய ஒரு கார்னியோல ராணியை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் உள்ளூர்க் கறுப்பு ஆண்களோடு இணைந்தாள், மகளும் பேத்தியும் அப்படியே. அந்நிய அணுக்கரு மரபு மகளில் 50 சதவீதம், பேத்தியில் 25, பிறகு 12.5, 6.25, ஐந்தாம் தலைமுறையில் சுமார் 3. அந்தக் கூட்டம் நடைமுறையில் கறுப்புத் தேனீதான். மைட்டோகாண்ட்ரியா சோதனை மட்டும் இன்றும் ‘சி’ என்றே சொல்லும். இதைத் திருப்பிப் போடுங்கள். கறுப்பு ராணியின் வம்சம் ஐந்து தலைமுறை கார்னியோல ஆண்களோடு இணைந்தால், 97 சதவீதம் கார்னியோலத் தேனீயாகிவிட்ட பிறகும் சோதனை ‘எம்’ என்று சொல்லும். ஒருவரின் பாட்டி வீட்டு ஊரை மட்டும் கேட்டுவிட்டு அவருடைய முழுக் குடும்பத்தையும் தெரிந்துகொண்டதாக நினைப்பது போன்றது இது.

ஆகவே மைட்டோகாண்ட்ரியா முடிவை எப்போதும் இரண்டாவது ஒன்றோடு சேர்த்துப் படியுங்கள். கையில் காசில்லாதவருக்கு இறக்கை அளவீடு. ஒரு கூட்டத்துக்கு 30 முதல் 50 வேலைக்காரத் தேனீக்களின் வலது முன்னிறக்கையைக் கண்ணாடி வில்லையில் ஒட்டி, ஸ்கேனரில் எடுத்து, நரம்பு விகிதமான கியூபிட்டல் குறியீட்டை அளந்தால், கறுப்புத் தேனீயில் 1.7 அருகிலும் கார்னியோலத் தேனீயில் 2.7 அருகிலும் சராசரி நிற்கும். சராசரியைவிடச் சிதறலைப் பாருங்கள். கலப்புக் கூட்டத்தில் மதிப்புகள் அகலமாகப் பரவியிருக்கும். வசதி உள்ளவருக்கு அணுக்கரு எஸ்என்பி சோதனை (பல இடங்களில் ஒற்றைக் கார வேறுபாடுகளைப் பார்ப்பது). அதற்கு ஒரே ஒரு வேலைக்காரத் தேனீ போதாது. அது பல தகப்பன்களில் ஒருவனுடைய மகள் மட்டுமே. ராணியின் மரபைத் தனியே அறிய, மூடிய ஆண் அறையிலிருந்து 8 முதல் 10 ஆண் கூட்டுப்புழுக்கள் நல்லவை. ஆணுக்குத் தகப்பன் கிடையாது, அவனுடைய மரபு முழுவதும் ராணியின் மரபில் பாதி.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நோய் எங்கே என்று தெரியும். மைட்டோகாண்ட்ரியா எல்லாம் ‘எம்’, அணுக்கரு கலந்திருக்கிறது என்றால், கலப்பு பக்கத்துத் தோட்டத்து ஆண் தேனீக்கள் வழியே வருகிறது. ராணிகளை மாற்றிப் பயனில்லை, இணைசேரும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவில் ‘சி’ தலைகாட்டுகிறது என்றால் யாரோ ராணி வாங்கியிருக்கிறார்கள், அல்லது வெளிக்கூட்டம் வந்து குடியேறியிருக்கிறது. அந்தத் தாய்வழியிலிருந்து ராணி வளர்ப்பதை நிறுத்துங்கள். அணுக்கருவில் அது 90 சதவீதத்துக்கு மேல் கறுப்பு என்றால் பெட்டியை அழிக்கத் தேவையில்லை. ஆண் தேனீ வளர்க்க வைத்துக்கொள்ளலாம். ஆணின் மைட்டோகாண்ட்ரியா அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை.

எல்லையோரப் பகுதிகளில் இன்னும் கவனம். ஐபீரிய தீபகற்பத்துத் தேனீயில் தெற்கே போகப் போக ஆப்பிரிக்கத் தாய்வழி மேலோங்கும், வடகிழக்கில் ‘எம்’. சிசிலித் தேனீயும் ‘ஏ’ தாய்வழியே. அங்கே ‘ஏ’ என்று முடிவு வந்தால் அது கலப்படம் அல்ல, அந்த மண்ணின் இயல்பு. கார்னியோலத் தேனீயையும் இத்தாலியத் தேனீயையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க இந்தச் சோதனையை நம்பவே வேண்டாம். இரண்டும் ‘சி’க்குள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன.

காப்புத் தோட்டத்தில் தாய்வழியை இழக்காமல் இருப்பது

காப்பு ஆர்வலர்களே செய்யும் பெரிய சேதம் ஒன்று உண்டு. தோட்டத்திலேயே சிறந்த ராணி என்று ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, அவளுடைய புழுக்களை ஒட்டுப்போட்டு, அந்த ஆண்டுக்குத் தேவையான 40 ராணிகளையும் அவளிடமிருந்தே வளர்ப்பது. ஒரே பருவத்தில் மற்ற எல்லாத் தாய்வழிகளும் அந்தத் தோட்டத்திலிருந்து மறைந்துவிடும். போன மைட்டோகாண்ட்ரியா திரும்ப வராது. அதை எந்த ஆணும் கொண்டுவந்து சேர்க்க முடியாது.

ஒவ்வொரு தாய் ராணிக்கும் பதிலாக அவளுடைய ஒரு மகளாவது அடுத்த ஆண்டுத் தோட்டத்தில் நிற்க வேண்டும் என்பதை விதியாக வையுங்கள். ஏட்டில் பெட்டி எண்ணுக்கு நேராக ஹாப்லோடைப்பை எழுதுங்கள். ஒன்றிரண்டு பெட்டியில் மட்டும் இருக்கும் அரிய வகைக்கு முதலில் ராணி வளருங்கள், வேறு தோட்டத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.

மூடிய கூட்டமாக வளர்க்க 35 முதல் 50 தாய் ராணிகள் வேண்டும். காரணம், தேனீ ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்யும் மரபணு இடம் ஒன்று. அங்கே இரண்டு வேறுபட்ட பிரதிகள் வந்தால் பெண். ஒரே பிரதி இரண்டு முறை வந்தால் வளர முடியாத ஆண். அந்தப் புழுக்களை வேலைக்காரத் தேனீக்கள் தின்றுவிடும். மூடிய புழுவடையில் துப்பாக்கிக் குண்டு பட்டது போல ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ராணி இணைந்தது ஓர் ஆணோடு மட்டும், அவனும் அவளுடைய பிரதிகளில் ஒன்றையே கொண்டவன் என்றால், புழுக்களில் பாதி போய்விடும். நோயோ பட்டினியோ இல்லாமல் பல பெட்டிகளில் இப்படித் தெரியத் தொடங்கினால், தோட்டம் சுருங்கிவிட்டது. அதே துணையினத்தைச் சேர்ந்த வேறு காப்புத் தோட்டத்திலிருந்து ராணி கொண்டுவர வேண்டிய நேரம் அது.

இணைசேரும் தூரம் பலரும் நினைப்பதைவிட அதிகம். இங்கிலாந்தில் மரபணு அடையாளங்களைக் கொண்டு செய்த அளவீட்டில் பாதி இணைசேர்க்கை 2.5 கிலோமீட்டருக்குள்ளும், 90 சதவீதம் 7.5 கிலோமீட்டருக்குள்ளும் நடந்தது. 15 கிலோமீட்டர் வரை போனவையும் உண்டு. ஆகவே 3 கிலோமீட்டர் வளையம் போதாது. அதனால்தான் தீவுகள் இவ்வளவு மதிப்பு வாய்ந்தவை. டென்மார்க்கின் லேசோ தீவில் கறுப்புத் தேனீ தவிர மற்றவற்றை வளர்க்க 1993இல் தடை வந்தது. அது வணிக சுதந்திரத்துக்கு எதிரானது என்ற வழக்கில், 1998 டிசம்பர் 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சி-67/97 எண்ணிட்ட தீர்ப்பில் தடையை ஏற்றது. உடனடி அழிவு ஆபத்து இல்லாவிட்டாலும் தனித்தன்மை வாய்ந்த ஓர் உள்ளூர்க் குழுவைக் காப்பது நியாயமே என்றது. உள்ளூர்த் தேனீயைக் காக்கும் சட்டம் கேட்டு எந்த நாட்டில் போராடுபவருக்கும் இது கையில் இருக்க வேண்டிய தீர்ப்பு. ஸ்காட்லாந்தின் கோலன்சே, ஓரன்சே தீவுகளில் இதே போன்ற ஆணை 2014 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது.

நிலப்பரப்பில் தோட்டம் வைத்திருப்பவருக்கு எஞ்சிய வழிகள் இரண்டு. ஒன்று, சுற்றிலும் 7 முதல் 10 கிலோமீட்டருக்குள் உள்ள தேனீ வளர்ப்போருக்கு இலவசமாகக் கறுப்பு ராணி கொடுத்து, அந்த வட்டாரத்து ஆண் தேனீக்களை மாற்றுவது. இன்னொன்று கருவி வழி விந்தேற்றம். முதலாவது மெதுவானது, ஆனால் நிற்கும்.

நம் அடுக்குத் தேனீக்கு இதைப் பயன்படுத்தலாமா

அப்படியே பயன்படுத்த முடியாது. அடுக்குத் தேனீ, அதாவது ஏபிஸ் செரானா, வேறு இனம். இதிலும் அதே இடத்தில் இடைத்துண்டு உண்டு, ஆனால் 100 கார இணைக்கும் குறைவு. பி, கியூ அமைப்பு கிடையாது. நீளத்தை வைத்து எதையும் பிரிக்க முடியாது. பெருக்கியதை வரிசைப்படுத்திப் படிக்கத்தான் வேண்டும். மாதிரி எடுப்பது, கீலெக்ஸ், குறைந்த நீட்டிப்பு வெப்பம் எல்லாம் மாறாமல் பொருந்தும்.

தென்னிந்தியாவில் இதற்குத் தேவை இருக்கிறது. சமவெளியின் மஞ்சள் வகையும் மலைப்பகுதியின் கறுப்பு வகையும் மைட்டோகாண்ட்ரியா வழியில் தெளிவாகப் பிரிந்தவை. மஞ்சள் வகையைத் தனி இனமாகவே கருத வேண்டும் என்ற வாதமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில், புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தெற்கே பெரும்பாலான கூட்டங்களை அழித்தது. மீண்டவற்றிலிருந்து பெருக்கிய பெட்டிகள் இன்று மார்த்தாண்டம் போன்ற இடங்களிலிருந்து ஊர் ஊராகப் போகின்றன. மலையடிவாரத்தில் பெட்டி வாங்கி வைக்கும் ஒவ்வொருவரும் தெரியாமலே இரண்டு வகைகளைச் சேர்க்கிறார்கள். இத்தாலியத் தேனீயோடு அடுக்குத் தேனீ கலப்பினம் உண்டாகும் என்ற அச்சம் வேண்டாம். அந்தக் கரு பிழைக்காது. கலப்பு நடப்பது அடுக்குத் தேனீயின் சொந்த வகைகளுக்குள்ளேதான்.

செய்யத் தொடங்குபவர் பெட்டிகளை மட்டும் எடுக்காமல், மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் உள்ள கூடுகளிலிருந்தும் எடுக்க வேண்டும். வணிகத்தால் நகராதவை அவைதான். கூட்டைப் பிளக்க வேண்டாம். வாயில் துளையில் சிறு வலையை வைத்து 5 தேனீக்கள் போதும், பக்கத்தில் பெட்டிகள் இல்லாத இடத்தில் வழிதவறி வந்த தேனீ என்ற கவலை குறைவு. உயரத்தை மீட்டரில் எழுதுங்கள், உடல் நிறத்தைப் படம் எடுத்து வையுங்கள். காப்புக்காட்டுக்குள் எடுக்க வனத்துறை அனுமதி முதலில். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின்படி சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிட்டே குப்பியைக் கட்டுங்கள். கிடைத்த வரிசைகளை இடம், உயரம், தேதியோடு ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ வரிசைக் களஞ்சியத்தில் சேருங்கள். பயன்படுத்தாத நான்கு தேனீக்களைப் புது எத்தனாலில், பென்சில் சீட்டோடு, குளிர்பெட்டியில் விட்டு வையுங்கள்; அணுக்கருச் சோதனைக்குப் பணம் கிடைக்கும் நாளில் அதே கூட்டத்தின் முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட அவைதான் வேண்டும்.